துரைக்கண்ணுவின் அறுபத்துநான்கு

இரண்டு கட்டைவிரல்களும் ஒரே நேரத்தில் இறங்கின. ரேம் பட்டையின் ஒரு முனை முந்தி மறுமுனை பிந்தினால் பட்டை கோணிக்கொள்ளும்; இரண்டு பக்கத்துக் கவ்விகளும் ஒரே சத்தமாக விழ வேண்டும். விழுந்தன. விரல்கள் அடுத்த பட்டையை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுத்தன. வலது கட்டைவிரலின் உட்புறத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தோல் காய்த்திருந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் காய்ப்பதில்லை.

“மெதுவாம்மா,” என்றார் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு. “ரெண்டும் சேர்ந்து நாலு ஜிபி அது.”

“நாலு ஜிபின்னா கனமா இருக்குமா அண்ணா? நீங்களே கையில வெச்சுப் பாருங்க.”

அவர் உண்மையாகவே உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். பட்டு நூலைத் தராசு இல்லாமலே எடை சொல்லிப் பழகிய கை. “ஒண்ணுமே இல்லையே,” என்று திருப்பிக் கொடுத்தார்.

மங்கையர்க்கரசிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டின் முன்னறைதான் கடை. பின்கூடத்தில் கணவர் பழனியின் தறி. முன்னறையில் திருப்புளி திருகும். பின்கூடத்தில் தறிநாடா இடமும் வலமும் ஓடும். இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்டால்தான் அந்த வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 2010ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையான அன்று, திருப்புளிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பத்தாம் வகுப்பு முடித்ததும் அவள் துரைக்கண்ணுவின் பட்டறைக்கு அட்டை குத்தப் போனவள். சேலைக் கரையிலும் முந்தியிலும் வரும் பூவும் கிளியும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. எந்தக் கட்டத்தில் நிறம் இருக்கிறதோ அங்கே அட்டையில் ஓட்டை விழ வேண்டும். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் தன் கொக்கிகளால் நூலைத் தூக்கும். ஓர் ஓட்டை பிசகினால் கிளிக்குக் கண் போய்விடும். எட்டு வருடம், கால் மிதியை மிதிக்க, விரல்கள் சாவிகளை அழுத்த, அவள் குத்திய அட்டைகள் எத்தனை ஆயிரம் என்று யாருக்கும் தெரியாது. கட்டைவிரல் மட்டும் ஞாபகம் வைத்திருந்தது.

ஐயம்பேட்டையில் துரைக்கண்ணுவின் பட்டறைக்குத் தானாகவே அட்டை குத்தும் இயந்திரமும் அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டரும் வந்தபோது, குத்திக்கொண்டிருந்த நான்கு பெண்களில் மூன்று பேர் நூல் சுற்றப் போனார்கள். இவள் போகவில்லை. வந்த இயந்திரம் ஒரு நாள் முழுக்கத் தவறாகக் குத்தித் தள்ள, ஆட்கள் கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். ஒரு கேபிள் தளர்ந்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மூடியாகக் கழற்றி, பார்த்ததையெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் எழுதி, தப்பாய்ப் போனதை இரண்டு முறை எழுதி, ஆறு வருடத்தில் தனிக் கடை போட்டாள். ஊரில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் பலர் இருந்தார்கள். ‘படிக்காமல் தெரிந்தவள்’ அவள் ஒருத்திதான்.

துரைக்கண்ணுவின் பழைய கம்ப்யூட்டர் சனிக்கிழமை மதியம் உயிரை விட்டது. விடும்போது அது பழனியின் அட்டைகளைத்தான் குத்திக்கொண்டிருந்தது. நானூற்றெண்பது அட்டையில் முப்பத்தெட்டு முடிந்திருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கான கல்யாணச் சேலை. ஆடி முடிவதற்குள் கைக்கு வராவிட்டால் வேறு சேலை எடுத்துக்கொள்கிறோம் என்று சேலையைக் கேட்ட பட்டுக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நெய்யப் பதினாறு நாளாவது வேண்டும். வியாழக்கிழமைக்குள் அட்டை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தச் சேலை பழனிக்கு இல்லை. பாவு நூல் ஏற்றித் தயாராய் நின்ற தறியைச் சுற்றி அவர் நாலு நாளாக நடந்துகொண்டிருந்தார்.

“ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் எழுப்பி ஓட வெப்பா,” என்றார் பழனி, கூடத்து வாசலில் சாய்ந்தபடி. “வீட்டுத் தறி மட்டும் படுத்துக்கினு இருக்குது.”

“தறி படுக்கலை. நீங்கதான் படுத்துக்கினு இருந்தீங்க, இப்ப எழுந்து வந்துட்டீங்க,” என்றாள் அரசி, தலை நிமிராமல்.

துரைக்கண்ணு சிரித்தார். அவர் அன்று கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தார். திங்கட்கிழமை சென்னைக்குப் போய்ப் புதிய பாகங்கள் எல்லாம் வாங்கிவந்திருந்தார். அரசி எழுதிக்கொடுத்த சீட்டில், பழைய மாதிரி பிரிண்டர் சொருகும் துளை உள்ள போர்டுதான் வேண்டும் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். அட்டை குத்தும் இயந்திரத்துக்கு அந்தத் துளை வழியாகத்தான் உத்தரவு போகும். அது சரியாக வந்திருந்தது. கூடவே விண்டோஸ் ஏழு, பெட்டியோடு. பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு டிவிடி. ஒன்றில் 32 பிட் என்று போட்டிருந்தது, மற்றதில் 64 பிட். சாவி எண் ஒன்றுதான். எதை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஒன்றைத்தான் போடலாம்.

“இதுல யோசிக்க இன்னா இருக்குது?” என்றார் துரைக்கண்ணு. “நூத்திருபது கொக்கிப் பெட்டியையும் எரநூத்தி நாப்பது கொக்கிப் பெட்டியையும் முன்னால வெச்சா யாராவது நூத்திருபதை எடுப்பானா? கொக்கி அதிகம்னா டிசைன் சன்னமா விழும். அறுபத்துநாலைப் போடும்மா.”

வெளியூர்க்காரர் யாராவது இருந்தால் அந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்திருப்பார். பிள்ளையார்பாளையத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். கொக்கி கூடினால் நூல் பிரியும், நூல் பிரிந்தால் பூவின் இதழ் நெளியும். இந்த ஊரில் பெரிய எண் என்றால் மெல்லிய வேலை. அரசிக்கும் பத்தாம் வகுப்பிலிருந்து ரத்தத்தில் ஊறிய கணக்கு அது. 64 பிட் பற்றி அவள் படித்திருந்தாள். நான்கு ஜிபியையும் முழுசாகப் பார்க்கும் என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். எல்லா வேலையிலும் இருப்பதிலேயே பழைய புரோகிராமை முதலில் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று அதைச் செய்யவில்லை. 64 டிவிடியை எடுத்துப் போட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் திரை நீலமாய் மலர்ந்தது. ரேம் என்ற இடத்தில் 4.00 என்று காட்டியது. துரைக்கண்ணு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். மகள் ஜெயப்ரியாவுக்கு ஃபோன் போட்டு, “நாலும் முழுசா இருக்குது,” என்றார். அவள்தான் பட்டறையில் டிசைன் வரைபவள். அரைமணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

“சூப்பர்க்கா,” என்றாள், டிசைன் புரோகிராமைத் திறந்து ஒரு முந்தியை விரித்துப் பார்த்து. “செம ஃபாஸ்ட். எல்லாரும் அறுபத்துநாலுக்குத்தான் போறாங்க. இதான் ஃப்யூச்சர்.”

“அட்டை குத்துறதையும் போட்டுடறேன். எடுத்துக்கினு போலாம்,” என்றாள் அரசி.

அட்டை குத்தும் புரோகிராம் ஒரு பழைய சிடியில் இருந்தது. 1996இல் எழுதியது. அவள் இரண்டு முறை தட்டினாள். இந்த விண்டோஸில் இது ஓடாது, செய்தவரைக் கேட்டுப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி அதே பெட்டி. மரியாதையாகத்தான் சொன்னது, ஆனால் அசையவில்லை.

“இன்னாவாம்?” என்றார் துரைக்கண்ணு.

“செஞ்சவரைக் கேக்கச் சொல்லுது.”

“கேளேன்.”

செய்தவர் பெயர் அந்தோணி. இயந்திரத்தோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண் இருந்தது. அரசி ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். எடுத்ததும் முதலில் கோழிகள்தான் பேசின.

“அட, அது இன்னும் ஓடுதுங்களா?” என்றார் அந்தோணி. “எழுதின நானே மறந்துட்டேனுங்க.”

“பதினாலு வருஷமா ஓடிச்சு சார். இப்ப புது விண்டோஸ்ல ஓட மாட்டேங்குது.”

“புதுசுல எதுங்க? ரெண்டு இருக்குதுங்களே.”

“அறுபத்துநாலு.”

“அதுல ஓடவே ஓடாதுங்க. நான் எழுதினது அதுக்கும் முந்தின பதினாறு பிட்டுக்கு. முப்பத்திரண்டுக்காரன் பதினாறை வீட்டுக்குள்ள விடுவானுங்க. அறுபத்துநாலுக்காரன் கதவையே திறக்க மாட்டான்.”

“மாத்தி எழுதித் தர முடியுமா சார்?”

“எழுதி வெச்ச கம்ப்யூட்டரே எங்க போச்சுன்னு தெரியலைங்க. இப்ப ரெண்டாயிரம் கோழி இருக்குது. அதுங்களுக்குப் பதில் சொல்லவே நேரம் பத்தலைங்க.” சிரித்துவிட்டு, “முப்பத்திரண்டைப் போடுங்க. நல்லா ஓடும்,” என்று வைத்துவிட்டார்.

பழனி கூடத்து வாசலை விட்டுத் தறிப் பக்கம் திரும்பிப் போனார். அதுதான் அரசிக்குச் சுட்டது.

“தப்பு என்னுது அண்ணா,” என்றாள். “பழசைத்தான் முதல்ல ஓட்டிப் பார்த்திருக்கணும். கழட்டிட்டு முப்பத்திரண்டு போட்டுத் தரேன்.”

துரைக்கண்ணுவின் முகம் தொங்கிப்போனது. “பாதியா?”

“பாதி இல்லை. அது வேற கணக்கு.”

“நேத்தே ஐயம்பேட்டை டீக்கடையில சொல்லிட்டேன்மா, அறுபத்துநாலுன்னு. பஸ்ஸுக்கு நின்னவன் எல்லாம் கேட்டான்.”

“ரெண்டையும் போட்டுடலாமேக்கா,” என்றாள் ஜெயப்ரியா. “ஆன் பண்ணும்போது எது வேணுமோ செலக்ட் பண்ணிக்கலாம்.”

“சாவி ஒண்ணுதான் இருக்குது பாப்பா, ஒண்ணுக்குத்தான் செல்லும். அதுவுமில்லாம நீ இதுல வரைவ, அணைச்சு அதைத் திறந்து குத்துவ. ஒரு கட்டம் திருத்தணும்னா மறுபடி அணைச்சு இதுக்கு வருவ. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?”

ஜெயப்ரியா மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டுவிட்டாள்.

அரசி வாதம் பண்ணுகிறவள் இல்லை. அட்டை குத்துமிடத்தில் வாதம் செல்லாது. அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை இருக்கும், அல்லது இருக்காது. அவள் அலமாரியிலிருந்து இன்னொரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். அறுபத்துநான்கு இருந்த டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக ஓரத்தில் வைத்தாள். புதிதில், சாவி எண் கேட்ட இடத்தை இப்போதைக்குத் தாண்டிவிட்டு, முப்பத்திரண்டைப் போட்டாள்; சாவி இல்லாமலும் ஒரு மாதம் ஓடும். அந்த முக்கால் மணி நேரத்தில் துரைக்கண்ணு இரண்டு டீ குடித்தார். பழனி மூன்று முறை தறிப் பக்கம் போய் வந்தார்.

முடிந்ததும் முதல் வேலையாக அட்டை குத்தும் புரோகிராமைத் தட்டினாள். சாம்பல் நிறத்தில், பழைய எழுத்தில், ஒன்றும் நடக்காததுபோல அது வந்து நின்றது. பழனி நீளமாக மூச்சு விட்டார்.

ஆனால் துரைக்கண்ணு வேறொரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அரசி. இது இன்னா? மூணு புள்ளி இருபத்தஞ்சு.”

“அது இந்த விண்டோஸுக்குத் தெரியற ரேம் அண்ணா. முப்பத்திரண்டு அவ்வளவுதான் பார்க்கும்.”

“நான் நாலு கொடுத்தேன்.”

“கொடுத்தீங்க.”

“நாலு கிலோ பட்டு எடுத்துக்கினு போனவன் மூணே கால் கிலோ கொண்டுவந்து வெச்சா, அவனை நான் உள்ளே விடுவேனாம்மா? முக்கால் எங்க?”

“உள்ளேதான் இருக்குது. யாரும் எடுத்துக்கினு போகலை.”

“இருந்தா காட்டணும்ல?”

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. நெசவாளியிடம் நூலை நிறுத்துக் கொடுத்து, சேலையாக நிறுத்து வாங்குகிற வாழ்க்கை. எடை குறைந்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அரசி ஜெயப்ரியா பக்கம் திரும்பினாள்.

“பாப்பா, உன்கிட்ட இருக்கிறதுலயே பெரிய டிசைன் எது?”

“மண்டபத் தூண், யாளி, கொடி எல்லாம் வர முந்தி ஒண்ணு இருக்குதுக்கா. ஓப்பன் ஆகறதுக்குள்ள தூக்கம் வந்துடும்.”

“உன் செல்லுல நேரம் பிடி.”

முப்பத்திரண்டில் அந்த முந்தியை மூன்று முறை திறந்தார்கள். நாற்பத்திரண்டு நொடி, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அரசி நோட்டில் எழுதினாள். டிஸ்க்கை மாற்றி, அறுபத்துநான்கில் மூன்று முறை திறந்தார்கள். நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தொன்று. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை அணைத்து முதலிலிருந்து ஏற்றினாள். ஒரு முறை திறந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு அது ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக.

“ஒரு செகண்ட்,” என்றாள் ஜெயப்ரியா, ஏமாற்றமாக.

“இன்னொண்ணு பாருங்க அண்ணா.” அரசி ரேம் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். பெரிய முந்தி விரிந்திருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, திறக்க முடிந்ததையெல்லாம் ஜெயப்ரியா திறந்து வைத்திருந்தாள். பச்சைக் கோடு ஒன்று புள்ளி ஏழில் நின்றது. “இது அறுபத்துநாலு. நாலு கொடுத்திருக்கோம். ரெண்டைக்கூடத் தொடலை. பாப்பா வரையற புரோகிராமே முப்பத்திரண்டுக்காகப் பண்ணினது. நீங்க பத்து கொடுத்தாலும் ரெண்டுக்கு மேல அதால எடுத்துக்க முடியாது.”

துரைக்கண்ணு பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானூறு கொக்கிப் பெட்டி வாங்கி மேல மாட்டியாச்சுன்னு வெச்சுக்குங்க,” என்றாள் அரசி. “எரநூத்தி நாப்பது கொக்கிக்குத்தான் கயிறு கட்டியிருக்குது. மீதி நூத்தி அறுபது?”

“சும்மா ஆடும்.”

“அந்த ஆடறதுக்குத்தான் முக்கால்னு பேரு.”

பழனி பின்னாலிருந்து, “கட்டாத கொக்கிக்கு எவன் அண்ணா கணக்குக் கேப்பான்?” என்றார். அன்று முழுக்க அவர் மனைவிக்குச் சாதகமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அரசி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் தூணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருஷம் டிசைன் புரோகிராமே அறுபத்துநாலுல வந்தா?” என்று ஜெயப்ரியா விடாமல் கேட்டாள்.

“வரும். நீ சொல்றது சரிதான், எல்லாம் அங்கதான் போகுது. அன்னிக்குப் பெட்டியில அந்த டிவிடி இருக்குது, நானே வந்து போடறேன். ஆனா அன்னிக்குக் குத்துற மெஷினையும் மாத்தணும். இந்த மெஷினு ஓடற வரைக்கும் முப்பத்திரண்டுதான்.”

துரைக்கண்ணு எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். பெட்டியை எடுத்து, போடாத டிவிடி உள்ளே இருக்கிறதா என்று பார்த்து மூடினார். “டீக்கடையில எவனாவது கேட்டா, அறுபத்துநாலு வாங்கிட்டேன்னு சொல்லுவேன்,” என்றார். “பொய் இல்லையே. வாங்கியாச்சுல்ல?”

“சத்தியமா வாங்கிட்டீங்க அண்ணா.”

புதன்கிழமை காலை, முப்பத்திரண்டு டிஸ்க்கைத் திரும்ப மாட்டிய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அரசி ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனாள். பட்டறையில் கேபிளைச் சொருகி, முதலில் ஒரே ஓர் அட்டையைக் குத்தவிட்டாள். இயந்திரம் கடகடவென்று அடித்துத் துப்பியது. அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஓட்டைகளைக் கட்டைவிரலால் தடவியபடி வாய்விட்டுப் படித்தாள். ஜெயப்ரியா கட்டத்தாளிலிருந்து அதே வரியை உரக்கத் திருப்பிப் படித்து, “ம்” போட்டாள். இரண்டு பேர் படித்து ஒத்துப் பார்க்காமல் அட்டை வெளியே போகக் கூடாது என்பது கையால் குத்திய காலத்து வழக்கம். இயந்திரம் வந்தும் அரசி அதை விடவில்லை. சனிக்கிழமை குத்திய முப்பத்தெட்டையும் நம்பாமல் முதலிலிருந்து குத்தினாள்.

“மெஷின் தப்பு பண்ணாதுக்கா,” என்றாள் ஜெயப்ரியா, நூறாவது அட்டையில் தொண்டை கட்டி.

“பண்ணாது. நான் நேத்துப் பண்ணினேனே.”

இருநூற்றுப் பன்னிரண்டாவது அட்டையில் ஓர் ஓட்டை பாதியாகத்தான் விழுந்திருந்தது. ஊசியில் அட்டைத்தூள் அடைத்திருந்தது. துடைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் திரும்பக் குத்தினார்கள். அதற்குப் பிறகு ஜெயப்ரியா எதிர்த்துப் பேசாமல் “ம்” போட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அட்டைகளை வரிசையாகக் கோர்த்து முடித்தபோது, பட்டறை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பழனி சாப்பிடக்கூடச் செய்யாமல் வந்திருந்தார்.

“நான் கொண்டாந்திருப்பேனே,” என்றாள் அரசி.

“நீ கொண்டாருவ. வழியில எவனாவது கம்ப்யூட்டர் ரிப்பேர்னு நிறுத்துவான். நான் பொழுது சாயற வரைக்கும் பாவைப் பார்த்துக்கினு உக்காந்திருக்கணுமா?” என்றவர், அடுக்கைப் பார்த்ததும் குரல் இறங்கி, “எல்லாம் படிச்சு ஒத்துப் பார்த்தியா?” என்று கேட்டார்.

“நானூத்தி எண்பதும். பாப்பாவைக் கேளுங்க, அவளுக்குக் குரலே போச்சு.”

ஜெயப்ரியா தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினாள். உள்ளே துரைக்கண்ணு யாரிடமோ ஃபோனில் புதுக் கம்ப்யூட்டரைப் பற்றி, அறுபத்துநாலு என்று எண்ணோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

பழனி சைக்கிள் கேரியரில் கோணியை விரித்தார். அரசி அட்டைக் கட்டை இரண்டு கைகளாலும் அடியில் தாங்கி, மடிப்பு கலையாமல் தூக்கிவந்து, அவர் நீட்டிய கைகளில் வைத்தாள்.